முப்பத்தெட்டு என்றால் முப்பத்தெட்டு

மாலை நாலு மணி அடித்தால் மின் பகிர்வு மையத்தின் ஒலிபெருக்கி தொண்டையைச் செருமிக்கொண்டு விழிக்கும். ஒன்பது பகுதிகளின் பொறியாளர்களும் ஒரே தொடர்பில் வந்து உட்காருவார்கள். ஒருவர் பேசுவது ஒன்பது பேர் காதிலும் விழும். ஆறு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் தங்கள் பகுதிக்கு எத்தனை மெகாவாட் வேண்டும் என்று வரிசையாகக் கேட்பார்கள். கேட்டதை வெட்டிக் கொடுப்பதற்கென்று மையத்தில் ஒரு பெண்மணி இருந்தாள். முகத்துக்கு நேரே மேடம். முதுகுக்குப் பின்னால் கத்திரி.

அந்தப் பெயர் அவள் காதுக்கு எட்டாமல் இல்லை. எட்டியபோது உள்ளூரக் குளிர்ந்துதான் போனாள். துணிக்கடைக்காரர் மகளுக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும்? அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதி வளர்ந்தவள் அவள். முதலில் சொல்லப்படும் தொகை வெறும் வணக்கம்தான் என்பதை வாய்ப்பாட்டுக்கு முன்பே படித்துவிட்டாள். வாடிக்கையாளர் பாதிக்குக் கேட்பார். அப்பா நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். வாடிக்கையாளர் படியிறங்குவார். அப்பா பெருமூச்சு விடுவார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை என்ற பேச்சே ஆரம்பிக்கும்.

பகிர்வு மையத்திலும் அதே கடைதான், சரக்குதான் வேறு. அந்தச் சரக்குக்கும் இப்போது தட்டுப்பாடு. எங்கோ தொலைவில் ஒரு நீரிணையில் இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டதில் எரிவாயுக் கப்பல் பதினோரு நாளாக வரவில்லை. பழைய நிலக்கரி நிலையத்தைப் போன வருஷமே பேச்சுப் பேசி, படம் பிடித்து, பூட்டியாயிற்று. அதற்குப் பதிலாக வரவேண்டிய ராட்சத மின்கலப் பெட்டிகளில் பாதிதான் வந்திருந்தன. மீதி ஏதோ துறைமுகத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. சூரிய மின்சாரமோ மத்தியானத்தில் வைக்க இடமில்லாமல் கொட்டும். ஆறு மணி ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். ஆக, ஆறிலிருந்து ஒன்பது வரை ஊருக்கு இருந்தது இருநூற்றுத் தொண்ணூறு மெகாவாட். ஒன்பது பேரும் சேர்ந்து கேட்டதோ நானூற்று முப்பது.

அன்றும் நாலு மணிக்கு ஏலம் தொடங்கியது. மூன்றாம் பகுதிக்காரருக்கு மையத்தில் சர்க்கரை என்று பெயர்.

“வணக்கம் மேடம். நேத்து உங்க குரல் கொஞ்சம் கம்மியா இருந்துச்சே, இப்போ பரவாயில்லையா?”

“குரல் இருக்கட்டும். எவ்வளவு?”

“அறுபத்தாறு மேடம்.”

“அறுபத்தாறா? ராக்கெட் கிக்கெட் விடுறீங்களா?”

“ஆஸ்பத்திரி இருக்கு மேடம், தண்ணித் தொட்டி இருக்கு, பாவப்பட்ட சனங்க இருக்காங்க…”

“நாப்பத்திமூணு.”

“ஐயையோ! வயித்துல அடிக்கிறீங்களே!”

“நாப்பத்திமூணு.”

“சரி, உங்க மனசு எப்படியோ அப்படி.” அந்தக் கடைசி வார்த்தையில் அவர் இழைத்த சோகத்தைக் கேட்டவுடனேயே, ஆள் தேவைக்கு மேல் வாங்கிவிட்டார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. போகட்டும். எல்லோரும் ஒன்றரை மடங்கு கேட்பார்கள், அவள் மூன்றில் ஒரு பங்கை நறுக்குவாள், சுற்றிச் சுற்றி எல்லாம் சரியான இடத்தில் போய் விழும். இத்தனை வருஷமாக விழுந்துகொண்டுதானே இருக்கிறது?

ஏழாம் பகுதிக்கு அந்த வாரம்தான் புது ஆள் வந்திருந்தார். மீட்டர் சோதனைக் கூடத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர். ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் மீட்டரை வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிடுவார் என்று சொல்வார்கள்.

“ஏழு?”

“முப்பத்தெட்டு மேடம்.”

“இருபத்தஞ்சு.”

“முப்பத்தெட்டு மேடம்.”

“காதுல விழுந்துச்சு. இருபத்தஞ்சு.”

“சரிங்க மேடம்.”

ஐயோ இல்லை, அம்மா இல்லை, பாவப்பட்ட சனங்கள்கூட இல்லை. புலம்பாமல் போகிறவன் பையில் கொழுப்பு இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இரண்டை நறுக்கியிருக்கலாமோ என்றுகூட அவளுக்கு ஒரு நப்பாசை எழுந்தது. எட்டாம் பகுதியைக் கூப்பிட்டாள்.

ஆறே காலுக்குத் திரையில் சூரிய மின்சாரத்தின் கோடு மாடிப்படியில் உருண்ட தகரக் குவளை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவளால் நாற்காலியில் உட்கார முடியாது. உட்காருவாள், எழுவாள், பேனாவை மூடுவாள், திறப்பாள். ஊரின் ஒன்பது மூலைகளும் அவள் காலுக்குள் நின்று உதறும். மேசைமேல் கிடந்த கைபேசி இரண்டு முறை துடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள். தம்பி.

“அக்கா, கரெண்ட் போச்சு.”

“எல்லாருக்கும்தான் போகுது. சுழற்சி முறை. ஒரு மணி நேரத்துல வந்துரும்.”

“ஒம்பது வரைக்கும் வராதுன்னு லைன்மேன் சொல்றான். இன்னைக்கு இருபத்தோராம் நாள்கா.”

அவள் நடை நின்றது. தம்பி வைத்திருப்பது கோழிக்குஞ்சு பொரிப்பகம். முட்டைக்குள் குஞ்சு இருபத்தோரு நாள் இருக்கும். கடைசி நாள் ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வரும்.

“எத்தனை முட்டை?”

“முப்பதாயிரம். பாதி ஓடு விட்டுருச்சு. விசிறி நின்னு போச்சு.”

கடைசி நாளில் முட்டைக்குச் சூடு வேண்டியதில்லை; அதுவே கொதிக்கும். முப்பதாயிரம் மூக்குகள் ஒரே அறைக்குள் மூச்சு வாங்கும். விசிறி நின்றால் காற்று செத்துவிடும், காற்றோடு சேர்ந்து குஞ்சும். இந்தத் தொழில் அவளுக்கும் தெரியும். தம்பி பொரிப்பகம் வைத்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் இதைத் தவிர வேறு பேச்சே கிடையாது.

“ஜெனரேட்டர் என்னாச்சு?”

“வித்துட்டேனே.”

“வித்துட்டியா! யாரைக் கேட்டு?”

“உன்னைக் கேட்டுத்தான். கூரையில சூரியத் தகடு போட மானியம் வேணும்னா டீசல் இயந்திரம் இருக்கக் கூடாதுன்னு விதி. விண்ணப்பத்தை நிரப்பினதே நீதானே?”

நிரப்பியது அவள்தான். அழகான கையெழுத்தில். அந்தத் தகடுகளும் இப்போது பொழுது சாய்ந்து சும்மா வானத்தைப் பார்த்துக் கிடக்கும்.

“கதவு ஜன்னல் எல்லாம் திறந்துட்டோம். அட்டைப் பெட்டியைக் கிழிச்சு ஆளுக்கொண்ணா விசிறிட்டு இருக்கோம். என் பொண்டாட்டி முட்டை முட்டையா மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கா. மிஞ்சிப் போனா அரை மணி நேரம் தாங்கும். இங்க பாரு, லைன் வாங்கிக் குடுன்னு நான் உன்னைக் கேக்கல.”

“பின்ன எதுக்குக் கூப்பிட்ட?”

“…கேக்குறதுக்குத்தான்.”

“வை போனை.”

தம்பியின் பொரிப்பகம் ஏழாம் பகுதியில் இருந்தது. ஏழாம் பகுதிக்காரரைத் தனித் தொடர்பில் பிடித்தாள். வாயைத் திறக்கும்போதே குரலில் மிளகாய்.

“ஒம்பது வரைக்கும் நிறுத்தி வச்சிருக்கீங்களாமே, என்ன அது? சுழற்சி எங்க போச்சு?”

“சுழற்ற இடமில்ல மேடம். மிச்சம் ஓடுறது ஆஸ்பத்திரி, தண்ணி, சிறைச்சாலை. அதுக்கே இருபத்தஞ்சும் சரியாப் போச்சு.”

“முப்பத்தெட்டுல எவ்வளவு கொழுப்பு வச்சிருந்தீங்க? ஒளிக்காம சொல்லுங்க.”

“கொழுப்புன்னா?”

“கூட்டிக் கேட்டது!”

“கூட்டல மேடம். விளம்பரப் பலகையெல்லாம் அஞ்சு மணிக்கே அணைச்சாச்சு. மூணு நாள் மீட்டர் அளவு எடுத்து, தேவையில்லாததைக் கழிச்சுப் பாத்தேன். முப்பத்தேழு புள்ளி எட்டு வந்துச்சு. முழு எண்ணா இருக்கட்டுமேன்னு புள்ளி ரெண்டு சேர்த்தேன்.” கொஞ்சம் தயங்கினார். “அது தப்புன்னா மன்னிச்சுக்கோங்க.”

அவளுடைய நாற்பது வருஷ வியாபார அறிவு காலுக்குக் கீழே விரித்த சாக்கு மாதிரி சர்ரென்று உருவிக்கொண்டது.

“நாலு மணிக்கு ஏன் சண்டை போடல?”

“ரெண்டு தடவை சொன்னேனே மேடம். ரெண்டு தடவை ஒரே அளவு காட்டினா அந்த மீட்டரை நம்பலாம். நீங்க வெட்டினதும், ஊர்ல வேற எங்கயோ இதைவிடப் பெரிய கஷ்டம் போலன்னு நெனச்சுக்கிட்டேன். இப்போ எதை அணைச்சுட்டு எதைப் போடணும்னு நீங்க சொல்லுங்க, செஞ்சுடறேன்.”

ஒரு வார்த்தை போதும். பொரிப்பக லைனைப் போட்டுவிட்டுத் தண்ணீரை அணையுங்கள் என்று சொன்னால் அந்த மனிதர் ஏன் என்று கேட்கப் போவதில்லை. அந்த வார்த்தை அவள் நாக்கின் நுனிவரை வந்து, பல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

“இருங்க,” என்றாள்.

அவளிடம் வேறொன்று இருந்தது. வந்து சேர்ந்த மின்கலப் பெட்டிகளில் சிலதைப் பதிவேட்டில் ‘பராமரிப்பில்’ என்று எழுதிவிட்டு, பதினாறு மெகாவாட்டைத் தன் மடியில் முடிந்து வைத்திருந்தாள். இது அவளுக்கும் திரை பார்க்கும் உதவிப் பொறியாளருக்கும் மட்டுமே தெரிந்த சமாசாரம். எரிவாயு இயந்திரம் ஏதாவது ஒன்று திடீரென்று படுத்துவிட்டால், ஊர் மொத்தமும் இருளாமல் பிடித்து நிறுத்த அந்த மடிதான் ஊன்றுகோல்.

உதவிப் பொறியாளர் அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டார். “மேடம், வேண்டாம். ரெண்டாவது இயந்திரம் காலையிலேர்ந்து இருமிட்டு இருக்கு.”

“தெரியும்.”

“மடியில கை வச்ச நேரத்துல அது நின்னுச்சுன்னா ஏழு மட்டுமில்ல, ஒம்பது பகுதியும் அவுட்டு.”

“தெரியும்கிறேன்ல!”

அறையை இரண்டு முறை குறுக்கே அளந்தாள். தம்பி கூப்பிட்டு ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. மடியை ரகசியமாகத் திறந்து ரகசியமாக மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் போன பதிமூன்றைத் திருப்பி நிரப்ப வேண்டுமே? நிரப்புகிற சரக்கு எட்டுப் பேர் பையில் கொழுப்பாகக் கிடக்கிறது. கேட்காமல் வராது. கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

பொதுத் தொடர்பின் பொத்தானை அமுக்கினாள்.

“எல்லாரும் இருக்கீங்களா? ஒரு நிமிஷம் கேளுங்க. என் மடியில பதினாறு இருக்கு. உங்க யாருக்கும் சொன்னதில்ல. அதுல பதிமூணு இந்த நிமிஷம் ஏழுக்குப் போகுது. ஏழுல என் கூடப்பிறந்த தம்பியோட பொரிப்பகம் இருக்கு, அதையும் சொல்லிட்டேன்.”

உதவிப் பொறியாளரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டினார்.

ஒலிபெருக்கியில் முதலில் வந்தது ஐந்தாம் பகுதிப் பொறியாளரின் குரல். அந்த அம்மாள் பேசினால் கண்ணாடி கீறும்.

“தம்பின்னதும் மடி தானா அவுருது பாருங்க. எங்க வீட்டுலயும் ஆளுங்க இருக்காங்க மேடம், எல்லாருக்கும் வியர்க்குது.”

“நியாயம்தான். தம்பி கூப்பிடலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. ஏழுக்காரர் உள்ளதை உள்ளபடி கேட்டாரு. நான் பழக்கத்துல வெட்டிட்டேன். திட்டணும்னா ஒம்பது மணிக்கு மேல திட்டுங்க, உக்காந்து கேக்குறேன். இப்போ எனக்குப் பதிமூணு திரும்பி வேணும். இயந்திரம் நின்னா எல்லாருக்கும் சேர்த்து இருட்டு. நான் வெட்ட மாட்டேன். நீங்களா குடுங்க.”

எட்டுப் பேரில் ஒருவரும் எண் சொல்ல முன்வரவில்லை. கொடுத்தால், நாலு மணிக்குக் கேட்டது பொய் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. முதலில் ஒப்புக்கொள்ள யாருக்கு ஆசை? திரையில், சுமை தாங்காவிட்டால் சரியும் அதிர்வெண் ஐம்பதிலிருந்து நழுவி நாற்பத்தொன்பது புள்ளி எட்டில் ஊசலாடியது.

“சர்க்கரை சார்,” என்றாள்.

“யாரு, என்னையா? என்னை நீங்க சர்க்கரைன்னா சொல்றீங்க?”

“நீங்க என்னைக் கத்திரின்னு சொல்லலாம், நான் சொல்லக் கூடாதா? உங்க பகுதி வணிக வளாகத்துல இப்போ எத்தனை டிகிரி?”

“அது… இருபது இருக்கும்.”

“எங்க அறையில முப்பத்திமூணு. அஞ்சு குடுங்க.”

“அஞ்சா! ஒண்ணு தர்றேன் மேடம், உங்க முகத்துக்காக.”

“என் முகம் அவ்வளவு மலிவா? அஞ்சு.”

“ரெண்டரை. நகரும் படிக்கட்டை நிறுத்திடறேன், நடந்து ஏறட்டும், உடம்புக்கு நல்லது.”

“அஞ்சு.”

“மூணரை! இதுக்கு மேல போனா சினிமா பாக்குறவன் வேர்த்து எழுந்து வந்து என்னை உதைப்பான்.”

“நாலு. உதைச்சா என் பேரைச் சொல்லுங்க.”

“நாலு. எடுத்துத் தொலைங்க.”

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் கதவு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது.

“சர்க்கரையே நாலு குடுத்தா நான் என்னத்தைப் பேச,” என்றாள் ஐந்தாம் பகுதி அம்மாள். “மூணு எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. நான் கூட்டிக் கேட்டதே நீங்க வெட்டுவீங்கன்னுதான்.”

“நான் வெட்டினது நீங்க கூட்டுவீங்கன்னுதான்.”

“நல்லா நடத்தினோம் குடும்பத்தை!”

ஒன்பதிலிருந்து இரண்டு வந்தது. எட்டிலிருந்து ஒன்று. ஒன்றாம் பகுதிக்காரர் தன்னிடம் சல்லிக்காசு மின்சாரம்கூடக் கிடையாது என்று மூன்று நிமிஷம் விளக்கிவிட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆகப் பதினொன்று. மீதி இரண்டு வரவேயில்லை. அது யார் பையில் தங்கியது என்று இன்றுவரை தெரியாது. இரண்டாவது இயந்திரம் ஏழு மணிக்கு முன் ஒரு தடவை பலமாக இருமியது. அதிர்வெண் சறுக்கியது. மடியிலிருந்த பதினான்கில் ஆறு ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தது. உதவிப் பொறியாளர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலில் இறங்கியிருந்தார். இயந்திரம் மறுபடி மூச்சு பிடித்துக்கொண்டது.

ஏழு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். பின்னால் விசிறியின் இரைச்சல்.

“வந்துருச்சா?”

“வந்து அரை மணி நேரம் ஆச்சு. மேல் வரிசை மட்டும் தாங்கல. ஆறு தட்டு போச்சு.”

“தொள்ளாயிரம்.”

“எனக்கும் பெருக்கத் தெரியும். மிச்சமெல்லாம் கத்துது, கேளு.” கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் பிடித்தான் போலிருக்கிறது. ஊசி மழை மாதிரி ஒரே கீச்சொலி. அவள் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவன் குரல் வந்தது. “நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன்கா. வெட்டினதும் நீதானாமே? லைன்மேன் சொன்னான்.”

“நான்தான்.”

“சரி. ஞாயித்துக்கிழமை வா, பேசிக்கலாம்.”

மறுநாள் நாலு மணிக்கு ஒலிபெருக்கி விழித்தபோது அவள் நின்றுகொண்டே இருந்தாள். முன்னால் வெள்ளைத் தாள். கையில் பேனா. இத்தனை வருஷம் யார் எவ்வளவு கூட்டுவார்கள் என்று மனசுக்குள் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தாள். நேற்றோடு அதன் கதை முடிந்தது. இனி யார் எண்ணில் எவ்வளவு தண்ணீர் என்று எதை வைத்துப் பார்ப்பது?

“மூணு?”

“நாப்பத்தொம்பது மேடம்,” என்றார் சர்க்கரை. உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை. அதுவே அவளுக்குக் கலக்கமாக இருந்தது. அறுபத்தாறு போய் நாற்பத்தொன்பது. இது நிஜமா, நிஜம் மாதிரி தைத்த பொய்யா? எழுதினாள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். ஐந்து, ஆறு என்று எல்லோர் எண்ணுக்கும் கேள்விக்குறி விழுந்தது. ஏழு வந்ததும் பேனா தன்னாலேயே முப்பதின் மூன்றை எழுத ஆரம்பித்தது.

“ஏழு?”

“ஐம்பத்தெட்டு மேடம்.”

பேனா நின்றது. “நேத்து முப்பத்தெட்டுதானே?”

“இன்னைக்கும் தேவை முப்பத்தெட்டுதான் மேடம். நேத்து முப்பத்தெட்டு கேட்டா இருபத்தஞ்சு வந்துச்சு. அதே விகிதத்துல முப்பத்தெட்டு கைக்கு வரணும்னா ஐம்பத்தேழு புள்ளி ஏழு ஆறு கேக்கணும். முழுசாக்கினேன்.”

ஒலிபெருக்கியில் சர்க்கரை வெடித்துச் சிரித்தார். “ஒரே நாள்ல தேறிட்டாரே மனுஷன்! நமக்கு மூணு வருஷம் ஆச்சு!”

“சிரிக்காதீங்க,” என்றாள் கத்திரி. குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஏழு சார், இன்னைக்கு நான் வெட்டலன்னா?”

“வெட்டலன்னா இருபது மெகாவாட் எங்கிட்ட வீணாக் கிடக்கும். அது தப்பு. அதனால நீங்க முதல்ல சொல்லுங்க மேடம். வெட்டுவீங்களா, மாட்டீங்களா? தெரிஞ்சுக்கிட்டு நான் கேக்குறேன்.”

கடைக்காரன் முதலில் வாயைத் திறந்து அவள் பிறந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அப்பாவாக இருந்தால் இந்த இடத்தில் கணக்குப் பிள்ளையைக் கூப்பிட்டு வேறு ஏதாவது பேசுவார். கடியாரத்தைப் பார்த்தாள். ஆறு மணிக்கு இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. எட்டுப் பேரும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒலிபெருக்கியின் இரைச்சலிலேயே தெரிந்தது.

“வெட்ட மாட்டேன்,” என்றாள்.

“எழுதிக்கலாமா மேடம்?”

“எழுதிக்கோங்க. நானும் எழுதுறேன்.”

“அப்போ முப்பத்தெட்டு.”

எழுதினாள். கேள்விக்குறி போடவில்லை. எட்டாம் பகுதியைக் கூப்பிட வாயெடுத்தபோது சர்க்கரை குறுக்கிட்டார். சிரிப்பெல்லாம் வற்றியிருந்தது.

“மேடம், நான் நாப்பத்தொம்பதுன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க.”

“ஏன், கூடவா குறைவா?”

“அதான் தெரியல. எங்க பகுதிக்கு நெஜமா எவ்வளவு வேணும்னு நான் ஒரு நாளும் போட்டுப் பாத்ததில்ல. இருங்க, போட்டுட்டு வர்றேன்.”

“எனக்கும் பத்து நிமிஷம்,” என்றாள் ஐந்தாம் பகுதி அம்மாள்.

“ஏழு சார்,” என்று இன்னொரு குரல் மெல்லக் கேட்டது, “அந்த மூணு நாள் மீட்டர் அளவு எப்படி எடுத்தீங்க?”

அவர் சொல்ல ஆரம்பித்தார். கத்திரி நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்காரவில்லை.

“அஞ்சு மணிக்குள்ள வாங்க எல்லாரும்,” என்றாள். “சூரியன் யாருக்காகவும் நிக்காது.”